பிஸ்டன் வந்துகினு கீது

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தகரக் கொட்டகைக்குள், மெக்கானிக் ஒரு சிலிண்டரைத் துணியால் துடைத்து, தொலைநோக்கியைத் தருவதுபோல என் கையில் தந்தார். "பாரு சார், இன்னா தெரிதுன்னு நீயே சொல்லு." நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்த்தேன். கூரையில் தகரம் பெயர்ந்த இடத்தில் வட்டமாக வானம் தெரிந்தது. ஒரு காக்கை குறுக்கே போயிற்று. "வானம்" என்றேன். மெக்கானிக் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், ஆனாலும் விடவில்லை. சிலிண்டரின் உள்சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய கீறல்களை விரல் நகத்தால் தடவிக் காட்டி, அவை எப்படி வந்திருக்கும் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்கு. என் ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்பதை ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் திருகித் தெரிந்துகொள்கிற எனக்கு. அந்த சிலிண்டருக்குரிய மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரி, லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அதை ஓட்டியவள், என் அக்கா, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தெருவின் நடுவே நட்டுவிட்ட மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவளைச் சுற்றிக்கொண்டு அவர் என்னோடு பேசினார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மெக்கானிக்கைப் பற்றி அல்ல. அக்காவின் கணவரைப் பற்றி, என் அத்திம்பேரைப் பற்றி. அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது. வருஷாப்திகத்துக்குக் குடும்பத்தில் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்கள். நாலு வரி சிரிக்கச் சிரிக்க எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். மாணவர்களுக்கு அவர் வேதியியல் சொல்லிக்கொடுத்த அழகு, யாரிடமும் குரலை உயர்த்தாத குணம், டிசம்பர் கச்சேரிகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளம் போடாமல் கேட்கும் பண்பு, எல்லாம் எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இது மீதி.

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில்தான் எனக்குக் கோபம் பொங்கியது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர், பாயசத்தை இலையில் பரவவிடாமல் கையால் அணைகட்டிக்கொண்டே சொன்னார்: "ஆத்துக்காரியை இவ்ளோ சுதந்திரமா விட்ட மனுஷன் மயிலாப்பூர்லயே கிடையாது சார்." எதிர் வரிசையில் நாலு தலைகள் ஆடின. விட்ட மனுஷன்! மேய விட்டார், அவிழ்த்து விட்டார், பட்டம் விட்டார் என்கிற மாதிரி. நான் பாயசத்தைக் குடித்தேன். அந்த இடத்தில் சண்டை போட்டால் சமையல்காரர் இரண்டாவது தடவை அப்பளம் போடாமல் போய்விடுவார் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்கா தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவள். ஊரெல்லாம் அலைந்து மற்றவர்களின் கணக்கைத் திருத்தி, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்தப் பெயரில், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய பெரிய வண்டி. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. மந்தைவெளியில் அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அதை நிறுத்தியபோது, காரை எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று புகார் வந்தது. இடைஞ்சல் வண்டி அல்ல, அதன்மேல் உட்காருகிற புடவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டும்போது அவள் புடவை கட்டுவதில்லை. இருந்தாலும் அவர்கள் கண்ணுக்குப் புடவைதான் தெரிந்தது. அத்திம்பேரோ ஒவ்வொரு பயணத்துக்கும் அவள் கிளம்பும்போது பிளாஸ்கில் காப்பி ஊற்றிக் கொடுப்பார். நானே அதைப் பார்த்து உருகி ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்திரிகை நின்றுபோனதில் எனக்கு இப்போது வருத்தமில்லை.

கட்ச் பாலைவனத்துக்குப் போய் அவள் திரும்பி வந்தபோது வண்டி புகைவிட்டுக்கொண்டு வந்தது. நீலப் புகை. வழியெல்லாம் எண்ணெய் வாங்கி வாங்கி ஊற்றியிருக்கிறாள். மேடு ஏற மறுத்ததாம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கேலி செய்தார்களாம். ஒரு பயணத்துக்குள் இப்படி ஆகுமா என்று அவள் கேட்டாள். அத்திம்பேர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிக மெதுவாக, மிக நியாயமாக ஒன்றைச் சொன்னார். "இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்கட்டும். வயசுக்குத் தேஞ்சிருந்தாலோ, யாராவது சரியா வேலை பண்ணாததால தேஞ்சிருந்தாலோ, புதுசு போட்டு ஓட்டு. நீ ஓட்டற விதத்துல தேஞ்சிருக்குன்னா, இதோட போறும்னு நிறுத்திடு. நான் சொல்றது நியாயமாத்தானே இருக்கு?" அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சரி" என்றாள். தணிக்கைக்காரியிடம் தணிக்கைக்குத் தயாரா என்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்? நானும் "பேஷ், நியாயம்" என்றேன். பிறகு அத்திம்பேர் என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போடா. ஆம்பிளை ஒருத்தன் நின்னா ஏமாத்த மாட்டான்" என்றார். அந்த ஆம்பிளை நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகவே, அந்தக் கொட்டகையில் பிரித்துப் பரப்பியிருந்தது வெறும் இன்ஜின் அல்ல. அவள் இனி ஓட்டலாமா கூடாதா என்பதற்கான சாட்சிகள் எண்ணெய்ப் பிசுக்கோடு எவர்சில்வர் தட்டுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மெக்கானிக் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பிஸ்டனை எடுத்தார், அதன் பக்கவாட்டில் இருந்த உராய்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தீர்ப்பைச் சொன்னார். "லேடீஸ்னாலே ஆஃப் கிளட்ச் சார். மேடத்த தப்பு சொல்லல. பயத்துல கிளட்ச்ச பாதி புட்ச்சிக்கினே ஓட்டுவாங்கோ. இன்ஜின் மூச்சு முட்டும், சூடாவும், தேஞ்சு பூடும். நம்ம வூட்லயும் ஸ்கூட்டிய அப்டித்தான் ஓட்டுது."

அக்கா என்னைப் பார்த்து, "கிளட்சைப் பாதி பிடிச்சுண்டே ஓட்டினா முதல்ல எது தேயும்னு கேளுடா" என்றாள். நான் மெக்கானிக்கைப் பார்த்து, "முதல்ல எது தேயும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "கிளட்ச் பிளேட்டு சார்" என்றார். நான் அக்காவைப் பார்த்து, "கிளட்ச் பிளேட்டாம்" என்றேன். மூன்று பேரும் தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஐக்கிய நாடுகள் சபையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்காரும் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சம்பளமாவது உண்டு. "அப்போ அதைக் கழட்டிக் காட்டச் சொல்லு." நான் சொன்னேன். அவர் கழற்றினார். ஒவ்வொரு தகடாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெந்திருந்தால் நீலம் பாரித்திருக்க வேண்டும். தீய்ந்த வாசனை அடிக்க வேண்டும். ஒரு தகட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னிடமும் நீட்டினார். எண்ணெய் வாசனைதான் அடித்தது. எனக்கு எப்போதும் எல்லாவற்றிலும் எண்ணெய் வாசனைதான் அடிக்கும் என்பது வேறு விஷயம். "கிளட்ச் நல்லாத்தான் சார் கீது" என்றார், ஏதோ அவருக்குச் சேர வேண்டியதை யாரோ பறித்துக்கொண்டதுபோல. உடனே அடுத்த குற்றச்சாட்டு: "அப்போ ஆயில் மாத்தாம ஓட்டிருப்பாங்கோ."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். மிக இறங்கிய குரலில், பிஸ்டன் வளையங்களை ஒவ்வொன்றாக சிலிண்டருக்குள் வைத்துக் காட்டச் சொன்னாள். வளையத்தின் இரண்டு முனைகளும் ஏறக்குறைய முட்டிக்கொள்ள வேண்டும். தேயத் தேய நடுவில் இடைவெளி விழும். மேல் வளையத்தில் என் சுண்டுவிரல் நகம் தாராளமாக நுழைந்தது. அடுத்ததில் நுழையப் பார்த்தது. எண்ணெய் வழிக்கும் கீழ் வளையத்தில் நுழையவே இல்லை. பிறகு, பிஸ்டனைத் தாங்கும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னாள். அவர் ஆட்டினார். ஆட்டமே இல்லை. "எண்ணெய் கெட்டுப் போயிருந்தா கீழ இருக்கறதுதான் முதல்ல போயிருக்கணும். இங்க கீழ எல்லாம் திடமா இருக்கு, மேலதான் அரிச்சிருக்கு. மேலேர்ந்து இன்ஜினுக்குள்ள என்னடா வரும்?" பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து திடீரென்று எழுப்பப்பட்டவன்போல "காத்து" என்றேன். இயந்திரவியலுக்கு என் வாழ்நாள் பங்களிப்பு அது ஒன்றுதான். ஆனால் சரியான விடை.

காற்று வடிகட்டியின் பெட்டியை மெக்கானிக் முன்பே கழற்றி ஓரமாக வைத்திருந்தார். "அத்த எதுக்கு சார் பாக்கணும்? ட்ரிப்புக்கு முன்னாடி நம்ம கையால மாட்னது. புத்தம் புதுசு." அக்கா யாரையும் கேட்காமல் அதை எடுத்துத் திறந்தாள். வடிகட்டி புதுசுதான். அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் உள்பக்கம் மடிந்துகொண்டிருந்தது. மடித்து வைத்து மூடினால் மடிந்தே கிடக்கும் இல்லையா, அப்படி. அங்கே பிறை வடிவத்தில் ஒரு சந்து. வடிகட்டிய பிறகு சுத்தமான காற்று மட்டுமே போகவேண்டிய பக்கத்தில், முகத்துக்குப் பூசுகிற பவுடரைப்போல மெல்லிய பழுப்புத் தூசி ஒட்டியிருந்தது. அக்கா ஆள்காட்டி விரலால் அதை வழித்து எடுத்து, முதன்முறையாக என் தலையைத் தாண்டி நேராக அவரிடம் சொன்னாள். "இது கட்ச் மண். நீங்க மாட்டின ஃபில்டரைச் சுத்திண்டு உள்ள போயிருக்கு. அத்தனை கிலோமீட்டரும் இன்ஜின் மணலைத் தின்னுண்டு ஓடியிருக்கு. நான் ஆஃப் கிளட்ச்ல ஓட்டலை."

மெக்கானிக் அந்த விரலை நெடுநேரம் பார்த்தார். தப்பு செய்தவன் தப்பை ஒப்புக்கொள்ளும் கட்டம் இதுதான் என்று நானும் ஆவலாக நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம் நல்லாத்தான் ஓட்டிருக்காங்கோ சார்" என்றார். ஒரு நற்சான்றிதழ்! தன் கைத்தவறால் அவள் இன்ஜினை அரைத்துப் பொடியாக்கிவிட்டு, அவளுக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட்டு, அதையும் என்னிடம் கொடுத்தார். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டுத் தருவது தன் பொறுப்பு என்றும் சொன்னார். அதையும் என்னிடம்.

அத்திம்பேர் தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம். புதுசு போட்டுடலாம்" என்றார். அன்று ராத்திரி அவரே ரவா தோசை வார்த்தார். நான் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். சொல்லப்போனால் அந்த தோசைகளுக்காகவும் எனக்கு இப்போது கோபம்.

அதற்குப் பிறகு பிஸ்டன் வரவில்லை. அக்கா போன் செய்வாள். "வந்துகினு கீது மேடம்." இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மெக்கானிக் அவளிடம் நேராகப் பேசினார். ஆடித் தள்ளுபடிக்கு தியாகராய நகர் நசுங்கிக்கொண்டிருந்தபோது பிஸ்டன் வந்துகொண்டிருந்தது. நவராத்திரிக்கு அத்திம்பேர் கொலுப்படி கட்டியபோது வந்துகொண்டிருந்தது. கம்பெனியில் சரக்கு இல்லை, லாரி ஓடவில்லை, வந்தது ஆனால் அளவு சரியில்லை, திருப்பி அனுப்பியாயிற்று, மழை. மழையில் நிஜமாகவே அவர் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது, பிஸ்டன் வரவில்லை. அந்தப் பிஸ்டனுக்கு இரண்டு கால் முளைத்து நடந்து வந்திருந்தாலும் அதற்குள் கிண்டியைத் தாண்டியிருக்கும் என்று நான் வேடிக்கை பேசினேன். அத்திம்பேர் சிரித்தார். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். "அவசரம் என்ன, வரட்டும்" என்றார்.

அக்காவும் அவளோடு வண்டி ஓட்டும் சிநேகிதிகளும் மேகாலயாவுக்குப் போவதாக வெகுநாளாகத் திட்டம். பிஸ்டனுக்காக ஒரு தடவை தள்ளிப்போட்டார்கள். இரண்டாம் தடவை தள்ளிப்போட முடியவில்லை. ஒருத்திக்கு விடுப்பு தீர்ந்துகொண்டிருந்தது, இன்னொருத்திக்கு மகள் பிரசவம். ஆகவே அவளை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அடையாறில் ஒரு பெட்ரோல் பங்கில் விடிகாலையில் வழியனுப்பப் போனோம். அக்கா என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் வந்தாள். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அங்கே ஒருத்தியின் மழைக்கோட்டு கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊருக்குப் போகாதவள் மழைக்கோட்டை எதற்கு எடுத்து வந்தாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது, "கிளட்சைப் பாதி பிடிச்சுண்டு ஓட்டாதே" என்று மட்டும் சொன்னாள். என் ஸ்கூட்டருக்குக் கிளட்சே கிடையாது.

உண்மை எனக்குத் தெரிந்தது என் ஸ்கூட்டர் மக்கர் செய்ததால். அதே மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோனேன். அவர் அதைக் குடைந்துகொண்டிருந்தபோது, சுவர் அலமாரியில் ஸ்ப்ரே டப்பாக்களுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில் அக்காவின் வண்டி எண் மார்க்கரால் எழுதியிருப்பதைப் பார்த்தேன். எடுத்தேன். பெட்டியின்மேல் விரல் பதியுமளவுக்குத் தூசி. "இது என்ன?" என்றேன். "மேடத்தோட பிஸ்டன் சார்" என்றார் தலையைத் தூக்காமலே. "எப்போ வந்தது?" "அது வந்து எவ்ளோ மாசமாச்சு!" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டார். "இன்னா சார், உங்களுக்குத் தெரியாதா? மேடம் வூட்டுக்காரு உங்க கைல சொல்லல? அவருதான் போன் போட்டாரு. மேடத்துக்கு வயசாய்க்கினு போவுது, அவசரம் இல்லப்பா, மெதுவா செய்யின்னாரு. நானும் இழுத்துக்கினே வரேன். நீங்கல்லாம் பேசி வெச்சிக்கினு செய்றீங்கன்னு நெனச்சேன். குடும்ப மேட்டரு, நமக்கு இன்னாத்துக்கு சார்?"

நீங்கல்லாம்! அந்தச் சொல்லில் நானும் இருந்தேன். மீசை வைத்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்களாக இருக்கும் ஏதோ ஒரு சங்கத்தில் விண்ணப்பமே போடாமல் என்னையும் சேர்த்திருந்தார்கள். வண்டி அவளுடையது. அதன் இன்ஜினைத் திரும்பச் சேர்த்துப் பூட்ட வேண்டாம் என்று ஒருவர் போனில் சொல்லியிருக்கிறார், கேட்டவர், "உங்க வண்டியா சார்?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. ஓர் ஆண் குரல் போதுமானதாக இருந்தது. சிலிண்டரில் கீறலைத் தேடினோம், தகட்டை முகர்ந்து பார்த்தோம், வளையத்துக்குள் நகத்தை விட்டு அளந்தோம், அவள் ஒவ்வொன்றிலும் ஜெயித்தாள். ஜெயித்ததற்கு இதுதான் பரிசு. மெக்கானிக்கை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பாதி ஈக்காட்டுத்தாங்கலுக்குத் தெரியும். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் நேராக மந்தைவெளிக்குப் போனேன். அக்காவின் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவள் பெட்டியைத் திறந்து பிஸ்டனை எடுத்துப் பார்த்தாள். பளபளவென்று, குழந்தைக்கு வாங்கிய வெள்ளி டம்ளர்போல இருந்தது. அதைக் கொண்டுபோய், அத்திம்பேர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் நடுவில் வைத்தாள். "ஏன்னா, இது எப்போ வந்தது?" அத்திம்பேர் தாளை மடிக்க முயன்றார், பிஸ்டன் கனத்தது. "எது?" என்றார். "ஊர்ல இன்னும் எத்தனை பிஸ்டனுக்குக் காத்துண்டிருக்கேள்?" அவர் தாளின் நுனியை மறுபடி இழுத்துப் பார்த்தார். "பூட்ட வேண்டாம்னு நீங்கதான் சொன்னேளா?" "பூட்ட வேண்டாம்னு சொல்லலை. அவசரமில்லைன்னுதான் சொன்னேன்" என்றார். பார்த்தீர்களா, அந்த நேரத்திலும் பொய் சொல்லவில்லை. அவர் எப்போதும் பொய் சொன்னதில்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை.

"ஏன்?" என்றாள் அக்கா.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியிடம் சொல்வதுபோலச் சொன்னார். "பயமா இருந்தது. நீ போயிட்டேன்னா போன் அடிச்சாலே யாரோ ஹிந்தில பேசப் போறான்னு..."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். பேசத் தொடங்கியபோது குரல் மிகவும் இறங்கியிருந்தது; நான் முன்னால் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "இதைச் சொல்லியிருந்தா நின்னிருப்பேன். பயமா இருக்கு, போகாதேன்னு ஒரு வார்த்தை. அன்னிக்கே சாவியைக் கொண்டுவந்து உங்க கையில கொடுத்திருப்பேன். நீங்க நான் ஓட்டறதுல குத்தம் கண்டுபிடிக்க ஆள் வெச்சேள். கிடைக்கலைன்னதும் பிஸ்டனை ஒளிச்சு வெச்சேள். பிஸ்டனுக்கெல்லாம் நான் நிக்க மாட்டேன்."

"இப்போதான் சொல்லிட்டேனே" என்றார் அத்திம்பேர்.

"பிடிபட்டப்புறம் சொல்றதெல்லாம் கணக்குல சேராது. அடுத்த தடவை நான் கிளம்பறச்சே, நீங்களா சொல்லுங்கோ. நின்னுடறேன். அதுக்கப்புறம் வண்டியைத் தொட மாட்டேன். இது சத்தியம்."

எனக்கு அந்த இடத்தில் அவள்மேலும் கோபம் வந்தது. இத்தனையும் ஜெயித்துவிட்டு, கொண்டுபோய் அந்த மனிதர் காலடியில் சாவியை வைக்கிறாளே! அவர் செய்ய வேண்டியதெல்லாம் நாலு சொல்லைச் சேர்த்து வாயைத் திறப்பதுதான். வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் பேசிச் சம்பாதித்தவருக்கு அது ஒரு வேலையா?

மறுநாள் காலையே அக்கா கொட்டகைக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனைப் போட்டு, வடிகட்டியின் ரப்பர் விளிம்பைத் தன் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகுதான் பெட்டியை மூட விட்டாளாம். புதுப்பித்த இன்ஜினைக் கொஞ்ச நாள் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பழக்கினாள். பிறகு இமயமலையில் இருக்கும் ஸ்பிதிக்குக் கிளம்பினாள். வழியனுப்ப நான் போயிருந்தேன். வழியனுப்பவா போனேன்? என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன்.

அத்திம்பேர் வாசல் கேட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா வண்டியை முடுக்கிவிட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இன்ஜின் சீராக அடித்துக்கொண்டிருந்தது. "ஆயில் பார்த்தியா?" என்றார் அவர். "பார்த்தாச்சு." "டயர்ல காத்து?" "இருக்கு." "செயின்?" "எண்ணெய் போட்டாச்சு." அவள் அப்போதும் கிளம்பவில்லை. கண்ணாடியை இறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பால் கவரோடு எங்களைத் தாண்டி உள்ளே போனார். அத்திம்பேர் குனிந்து, பின்சக்கரத்தின் மேல் ஒட்டியிருந்த, எனக்குத் தெரியாத, அவருக்கும் தெரிந்திருக்க முடியாத ஒரு மண்துகளைத் தட்டிவிட்டார். நிமிர்ந்தார். "பெட்டி ரெண்டும் பூட்டியிருக்கோன்னோ?" என்றார். அக்கா இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு "பூட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினாள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பின்னால் ஒரு பொட்டுப் புகை இல்லை.

அவர் இருந்த மிச்ச வருஷங்கள் முழுக்க ஒவ்வொரு பயணத்துக்கும் இதுதான் நடந்தது. எண்ணெய், காற்று, செயின், பூட்டு. ஒரு தடவை விளக்கைக்கூடப் போட்டுக் காட்டச் சொன்னார், நட்டநடு வெயிலில். அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கேள்விகளைத் தேடித் தேடிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்த முதல் தடவை, அவள் போன பிறகு, எனக்குப் பொறுக்கவில்லை. தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். "ஒரு வார்த்தை அத்திம்பேர்! அவ்ளோ பயம்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! சொன்னா நின்னுடறேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்காளே!" அவர் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். கொண்டி இரண்டு தடவை நழுவியது.

"தெரியும்டா" என்றார். "சொன்னா நின்னுடுவா. அதான்."

அதையும் என்னிடம்தான் சொன்னார்.